முப்பத்தோரு அட்டை முகங்கள்

கிரேன்காரருக்கு வேலையிடத்தில் வைத்திருந்த பெயர் மேகம். காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே ஏணி ஏறிவிடுவார். சாயங்காலம் எல்லோரும் கைகால் கழுவிக் கிளம்பிய பிறகுதான் இறங்குவார். சாப்பாடு, தண்ணீர், கொட்டாவி எல்லாம் மேலேயே. "மேகம் வந்தாச்சா?" என்று கீழே கேட்பார்கள். கொக்கி அசைந்தால் வந்தாச்சு என்று அர்த்தம். ஆள் கறுப்பா சிவப்பா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

அவர் கதையும் அதேதான். பதினொரு வருஷமாக மேலிருந்தே மனிதர்களைப் பார்க்கிறவர். மேலிருந்து பார்த்தால் மனிதனுக்கு முகம் கிடையாது. ஒரு மஞ்சள் ஹெல்மெட், இரண்டு தோள், காலடியில் துளி நிழல், தீர்ந்தது. ஆனால் நடை உண்டு. ஒருத்தர் நடை மாதிரி இன்னொருத்தருக்கு இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொல்வார். அந்த நடைகளைத்தான் தினமும் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால்தான் சோறு இறங்கும்.

"இன்னைக்கு மகாராஜா என்ன பண்ணாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். மகாராஜா என்பவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஊரே தன்னுடையது மாதிரி நடக்கிற ஒரு கம்பி கட்டும் ஆள். தவளை என்று ஒருவர், எதையும் சுற்றிப் போக மாட்டார், தாண்டித்தான் போவார். எண்ணி என்று ஒருவர், போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுக்கொண்டே போவார். இவர்களில் ஒருவரையும் அவர் தரையில் சந்தித்ததில்லை. சந்தித்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். கட்டிடத்தின் மேல்தளத்துக்குக் கம்பிக் கட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார். மேல்தளம் அவர் கேபினுக்கு நாலு மாடி கீழே. எங்கிருந்தோ ஒரு காற்று வந்து கட்டைத் திருப்பியது. அவர் கை உடனே நெம்புகோலை இழுத்தது. இழுத்தும் கம்பியின் முனை ஒருத்தன் தோளில் இடித்து, அவன் குப்புற விழுந்தான்.

"ஒண்ணுமில்லண்ணே, தோள்ல அடி. உசுருக்குப் பயமில்ல" என்றது வாக்கிடாக்கி. கீழே நின்று சைகை காட்டுகிற ஆளின் குரல். அவனை எல்லோரும் விசில் என்பார்கள்.

விழுந்தது யார் என்று கிரேன்காரருக்குத் தெரியவில்லை. விழுந்து கிடப்பவனுக்கு நடை ஏது? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பின்பக்க கேட் வழியாகத் திருடன் மாதிரி வெளியே போனார். அடுத்த நாளிலிருந்து நெம்புகோலை அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்தினார். எந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பார்த்தாலும், இவனா, இவனா என்று தேடினார். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் இன்ஜினீயரிடம் போய், இனிமேல் என்னால் மேலே ஏற முடியாது, ஸ்டோரில் சிமெண்ட் மூட்டை எண்ணுகிற வேலை கொடுத்தாலும் போதும் என்று சொல்லிவிட்டார்.

"உங்க கைய நம்பித்தான் இந்த வேலையே ஓடுது" என்றார் இன்ஜினீயர். "சரி, வர்ற சனிக்கிழமை வரைக்கும் ஓட்டுங்க. மனசு மாறுனா சொல்லுங்க. மாறலன்னா திங்கக்கிழமை வேற ஆள வரச் சொல்றேன்."

மனைவியிடம் மட்டும் சொன்னார். பெண்களிடம் சொல்லவில்லை. கதையும் நின்றுபோனது. "மகாராஜா லீவாப்பா?" என்று சின்னவள் கேட்டதற்கு, "பேசாம சாப்பிடு" என்று எரிந்து விழுந்தார். அவள் உதடு பிதுங்கியதைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு பெண்கள் இருவரும் அவரை எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். மனைவி அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வீணாய்ப்போன அட்டைகளைக் கட்டுக் கட்டாய்க் கொண்டுவந்து அவர்களிடம் கொடுத்தாள். அவருடைய கறுப்பு ஷூ பாலீஷ் டப்பா ஒரே வாரத்தில் வழித்துத் துடைத்த மாதிரி காலியாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏதோ செய்யச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். நினைக்க வேறு விஷயம் நிறைய இருந்தது.

சனிக்கிழமை காலை பெரியவள் வாசல்வரை வந்தாள். "அப்பா, இன்னைக்கு உங்க பிறந்தநாள். மறந்துட்டீங்கல்ல?"

"எனக்கெதுக்கும்மா பிறந்தநாளும் கிறந்தநாளும்?"

"எட்டு மணிக்குக் கீழ பாருங்க. பாக்காம மட்டும் இருந்துடாதீங்க."

குழந்தைகள் கேட்டுக்கு வெளியே நின்று கையாட்டப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார். கடைசியாக ஒரு தடவை ஏணி ஏறினார். கேபினில் உட்கார்ந்து, காற்று எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்தார். கொக்கியை மேலே இழுத்து நிறுத்தி, கேட் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, கொக்கி சும்மாத்தானே இருக்கு?"

"சும்மாத்தான் இருக்கு விசில். ஏன்?"

"அப்படியே இருக்கட்டும். இன்ஜினீயர் அஞ்சு நிமிஷம் குடுத்துருக்காரு. மேல்தளத்தப் பாருங்க."

காலடியில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

மேல்தளத்தில் ஆட்கள் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். ஒவ்வொரு ஹெல்மெட்டின் மேலும் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிய வட்டமான அட்டை, சாப்பாட்டுத் தட்டு அகலம். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு ஷூ பாலீஷால் பட்டையாய் வரைந்த ஒரு முகம். அத்தனை முகங்களும் நேராக அவரைப் பார்த்தன.

கண்ணாடிக்குக் குனிந்து உற்றுப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் மேல்நோக்கிய ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது ஒரு கூட்டமே பார்த்தது. குண்டு முகம், ஒட்டிய முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம், யோசிக்கிற முகம். ஒன்று போல் ஒன்று இல்லை. என் பிள்ளைங்க செஞ்சதா இது, என்று வாய்விட்டுச் சொன்னார். கேபினில் கேட்க ஆள் இல்லை.

"ரெண்டு பேரும் அண்ணியக் கூட்டிக்கிட்டு வியாழக்கிழமை கேட்டுக்கு வந்தாங்கண்ணே" என்றான் விசில். "ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலயும் எழுதியிருந்தது. கையப் பின்னால கட்டி நடக்கறவர், தாண்டிப் போறவர், கம்பி தொடறவர், நிழல் விட்டு நகராதவர். இது யாரு யாருன்னு கண்டுபிடிக்க எல்லாரையும் நடக்க விட்டேன். மகாராஜா நான்தான்னு மூணு பேரு சண்டை!"

முதல் வரிசையில் கை பின்னால் கட்டியிருந்தவருக்குப் பெரிய முறுக்கு மீசை வரைந்திருந்தது. அந்த ஆள் குனிந்த தலையை ஒரு நொடி தூக்கிச் சிரித்தான். மீசையே இல்லை, இருபது வயசுகூட இருக்காது. கிரேன்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது, இரண்டும் ஒன்றாகவே வந்து தொலைத்தன.

"கேலிப் பேச்செல்லாம் முடிஞ்சப்புறம் ஒருத்தனும் வாயத் தெறக்கலண்ணே" என்றான் விசில். குரல் தணிந்திருந்தது. "மேல இருக்கறவருக்கு நம்மள இவ்வளவு தெரியுமான்னு ஆடிப்போய்ட்டானுங்க."

அப்போதுதான் அதைக் கவனித்தார். கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு ஹெல்மெட் மொட்டையாக இருந்தது. அதில் அட்டை இல்லை. அந்த ஆள் மட்டும் குனியவில்லை. அண்ணாந்து நின்றிருந்தான்.

"விசில், அந்தக் கடைசி ஆளுக்கு ஏன் இல்ல?"

"மொத்தம் முப்பத்திரண்டு பேரு, அட்டை முப்பத்தொண்ணுதாண்ணே. இவன் புதுசு. அன்னைக்குத்தான் முதல் நாள். உங்க பொண்ணுங்களக் கேட்டேன். அப்பா இவரப் பத்தி எதுவும் சொல்லலியேன்னாங்க."

அன்னைக்கு என்றால் எந்த நாள் என்று கிரேன்காரருக்குத் தெரியும். கீழே அந்த ஆள் வரிசையை விட்டு வந்து விசிலிடமிருந்து வாக்கிடாக்கியை வாங்குவதைப் பார்த்தார். ஒளிந்துகொள்ள கேபினில் இடமில்லை.

"அண்ணே, நாந்தான். தோளு சரியாயிடுச்சு." மூச்சு வாங்குகிற இளங்குரல். "எனக்கு மட்டும் முகம் குடுக்கலியே உங்க பொண்ணுங்க. அதான் என்னோடதையே கொண்டாந்தேன். பாத்துக்குங்க."

பார்த்தார். அகலமான நெற்றி. வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். இந்த முகத்தைத்தான் மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு, செத்த முகமாகவும் திட்டுகிற முகமாகவும் நினைத்துப் பார்த்திருந்தார். அது எந்தக் கோபமும் இல்லாமல், பதில் வருமா என்று காத்திருந்தது.

"தம்பி" என்றார். மறுபடி பொத்தானை அழுத்தினார். "தம்பி, நான் வந்து பாத்திருக்கணும். பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்தேன். விடுங்கண்ணே. வீட்டுல என்னைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. அப்பத்தானே எனக்கும் வரைவாங்க?"

முப்பத்தோரு பேரும் இப்போது நிமிர்ந்துவிட்டார்கள். அட்டைகள் சரிந்து முதுகில் தொங்கின. அட்டையில் வரைந்ததற்குக் கொஞ்சமும் ஒட்டாத உண்மையான முகங்கள், எல்லாம் மேலே பார்த்தன.

"எதைச் சொல்றது? எனக்கு நடை தெரிஞ்சாத்தான் சொல்ல வரும்" என்றார் கிரேன்காரர். "கொஞ்சம் நட தம்பி. பாக்கறேன்."

அவன் வாக்கிடாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் வெட்கப்பட்டு நின்றான். அப்புறம் நடந்தான். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேல்தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, அடிபட்ட தோளைச் சற்றே தூக்கி, மற்றக் கையைத் தாராளமாக வீசி, பத்தடிக்கு ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். இப்படிப் பத்தடிக்கு ஒரு தரம் மேலே பார்த்துக்கொண்டு நடக்கிற ஆளை அவர் இந்தப் பதினொரு வருஷத்தில் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் நெற்றி முட்ட, கடைசி அடிவரை பார்த்தார்.

"விசில்" என்றார் பிறகு. "இன்ஜினீயர்கிட்ட சொல்லிடு. திங்கக்கிழமைக்கு வேற ஆள் வேண்டாம்."