முன் சீட்

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். புது சைக்கிள் என்பது அரியலூர்ப் பக்கம் வெறும் பேச்சோடு சரி. எங்கள் வீட்டுக்காரர் உடைந்த குழாய்களை அறுத்து, பித்தளையை உருக்கிப் பற்றுவைத்து, ஆளை அளந்து அவரவர் உடம்புக்குத் தக்கபடி பிரேம் கட்டிக் கொடுப்பார். பழைய பெடல், செயின், சக்கரம் வாங்கி விற்பது என் பாடு. வியாபாரத்தில் நான் இளகினவள் இல்லை, ஊரே சொல்லும்.

மாசி மாதம் ஒரு நாள் வைரக்கண்ணு வந்தான். முன்பெல்லாம் ஜெயங்கொண்டத்திலிருந்து முந்திரிக்கொட்டை மூட்டையைச் சைக்கிளில் அரியலூர் ரயிலடிக்குக் கொண்டுவந்தவன். கொட்டை இல்லாத மாதங்களில் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனான். அங்கே சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. இப்போது ஒரு கம்பின் நுனியை அவன் பிடித்திருக்க, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அவன் பெண்டாட்டி முத்தாயி முன்னே நடந்து வந்தாள்.

"ரெண்டு பேரு மிதிக்கிற மாதிரி ஒண்ணு கட்டணும் ஆசாரி. என் கால்ல பலம் இருக்கு, இவளுக்குக் கண்ணு இருக்கு. பங்குனியில கொட்டை வரும். அதுக்குள்ள வண்டியோட வந்தா பழைய வேலை தரேன்னாரு யாவாரி. இல்லேன்னா இவ அந்தக் காளவாய்க்கே கூலிக்குப் போவணும்" என்றான்.

காளவாய் என்றதும் முத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் சரக்கிலிருந்து ஒரு பின்சக்கரத்தை எடுத்து நீட்டினேன். அதைச் சுற்றிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டான். "அக்கா, இதுல ஒரு பேரிங் குண்டு ஒடைஞ்சிருக்கு." பிரித்துப் பார்த்தால் உடைந்துதான் இருந்தது. எனக்கே தெரியாது. உடம்பு சிலிர்த்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "வேற எடுத்துக்க, அதுக்கு ஏன் இவ்ளோ சோதனை" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு உடைசல் சைக்கிளை இணைத்து ஒன்றாக்கினார் எங்கள் வீட்டுக்காரர். முன்சீட் உயரம், அதற்கு முன்னால் குறுக்கே பார் கம்பி. பின்சீட் தாழ்வு, புடவைக்குத் தோதாகப் பார் கிடையாது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள, திரும்பாத ஹேண்டில்பார் ஒன்று. அது நீளமாக வாசலில் நின்றபோது தெருவே வேலையைப் போட்டுவிட்டு வந்தது. தேரைப் பார்ப்பது போல் எட்டி நின்று பார்த்தார்கள். தொட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. இத்தனை வருஷம் என் கையால் சோறு தின்ற மனுஷனா இதைச் செய்தார் என்று நானும் வாயைப் பிளந்தேன்.

சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. வைரக்கண்ணு முன்னால் ஏறி, ஹேண்டில்பாரைக் கம்பீரமாகப் பிடித்தான். முத்தாயி பின்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டோம்.

"ஏங்க," என்றாள் முத்தாயி மெதுவாக, "ரோட்டை யாரு பாக்குறது?"

ஆம்பிளை முன்னால், பெண்டாட்டி பின்னால். நம் வழக்கம் அதுதானே. அளந்தவர், சாமான் கொடுத்தவள், ஏறி உட்கார்ந்தவன், வேடிக்கை பார்த்தவர்கள், ஒரு மண்டையிலும் உறைக்கவில்லை. அவள் கம்பைப் பிடித்து முன்னே நடந்து வந்ததைத்தான் எல்லோரும் பார்த்தோமே.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி?" என்றேன்.

"ஆசாரி கணக்கு வேற ஏதாச்சும் இருக்கும்னு நெனைச்சேங்க."

முதலில் சிரித்தவன் வைரக்கண்ணுதான். இறங்கி, முன்சீட்டைத் தட்டிக்காட்டி, "நீ இங்க ஏறு புள்ள" என்றான். கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். நான் பார்த்த பார்வையில் கனைப்பு நின்றுவிட்டது.

முன்பாரை அறுத்துவிட்டுக் கீழே தாழ்த்தி வேறு குழாய் வைக்க வேண்டும். அந்த நாளில் நல்ல குழாய்க்கு எங்கே போவது? நல்ல விலை வரட்டும் என்று பரணில் ஒளித்து வைத்திருந்த சீமைப் பிரேமை வயிற்றெரிச்சலோடு நானே இறக்கிக் கொடுத்தேன். சரக்கிலிருந்த பெரிய பித்தளை மணியையும் எடுத்துப் பின் ஹேண்டில்பாரில் மாட்டச் சொன்னேன்.

"கண்ணு தெரியாதவனுக்கு மணி எதுக்கு?" என்றார் அவர்.

"மாட்டுங்க" என்றேன்.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் இருவரும் விழுந்து எழுந்து பழகினார்கள். முத்தாயிக்கு முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

பங்குனி பிறந்தது. ஒரு முற்பகலில் மணிச்சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முத்தாயி முன்னால், கண் ரோட்டிலேயே. பின்னால் இரண்டு மூட்டைக்கு நடுவே வைரக்கண்ணு மிதித்து வந்தான். அவளுக்குப் புது ரோடு, அவனுக்கு மனப்பாடம். "புளியமரம் தாண்டிட்டமா? இனி எறக்கம், பிரேக்கப் புடி" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்தக் கம்போடு அவன் போனபோது "ஐயோ பாவம்" என்று ஒதுங்கிய சனம், இன்று மணிக்கு ஒதுங்கியது. வண்டிக்காரர்கள் மாட்டை ஓரங்கட்டி வாய் பிளந்து நின்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

எங்கள் கடையைத் தாண்டினால் ரயிலடி வரை ரோடு வெறிச்சென்று கிடந்தது, ஒரு ஆள் இல்லை. அது தெரியாமல் அவன் மணியை அடித்துக்கொண்டே போனான். முத்தாயிக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.