எறும்பு மார்க் அட்டையின் மறுபக்கம்

எறும்புன்னு எந்தத் தாள்லயும் எழுதக்கூடாதுன்னு கம்பெனியில சட்டம் போட்டவ நான்தான். அதை மொதல்லயே ஒத்துக்கறேன். அப்புறம் யாரும் என்னைக் குத்திக் காட்ட வேண்டாம்.

நாங்க பண்றது தையல் சாக்கு. மூட்டை கட்டற சாக்கு இல்ல, சாக்பீஸ் ஜாதி. துணியில கோடு போட்டு வெட்டறதுக்கு டெய்லர் கையில வெச்சிருப்பாரே, முக்கோணமா, ஓரம் மெலிசா, அந்தக் கட்டி. வெள்ளைக் களிமண் பொடியை நனைச்சுப் பிசைஞ்சு, அச்சுல அழுத்தி, நிழல்ல காயவெச்சு எடுப்போம். ஒவ்வொரு கட்டி நடுவுலயும் ஒரு எறும்பு பதிஞ்சிருக்கும். வாயில நூல் துண்டைக் கவ்விக்கிட்டு, தலையைத் தூக்கிக்கிட்டு எங்கயோ அவசரமா போற எறும்பு. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடியே வரைஞ்சது. மனுஷனுக்கு நேரா ஒரு கோடு போட வராது. அந்த எறும்பு மட்டும் எப்படியோ உயிரோட வந்துடுச்சு.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மொத தடவையா கடல் தாண்டி சரக்கு அனுப்பினோம். அந்த நாட்டுத் துறைமுகத்துல ஒரு புண்ணியவான், சாக்குக்கட்டியையும் அதுல எறும்பையும் பார்த்துட்டு, இது பூச்சி கொல்ற மருந்துன்னு முடிவு பண்ணி இருபது நாள் நிறுத்தி வெச்சுட்டாரு. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துல போட்டதுதான் அந்தச் சட்டம். பில்லு, பேக்கிங் லிஸ்ட், வெளிப்பெட்டி, எதுலயும் எறும்பு பேச்சே கூடாது. வெள்ளைச் சாக்கு, நீலச் சாக்கு, முடிஞ்சுது கதை. அதுக்கப்புறம் ஒரு பெட்டிகூட நிக்கல. என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

இந்த வருஷம் அதே துறைமுகத்துல எங்க கன்டெய்னர் ரெண்டு நின்னுது. காரணம் கேட்டேன். போலி சரக்காம். எங்க எறும்பே போலியாம்.

புகார் குடுத்தது சிரிப்புக்காரர். ஏழு வருஷமா அந்த நாட்டுல எங்க சரக்கை எடுத்து வித்தவரு. ஃபோன் எடுத்தா மொதல்ல சிரிப்பு, அப்புறம்தான் ஹலோ. சுண்ணாம்பைக் கலந்து மட்டமா பண்ணிக் குடுங்கன்னு போன வருஷம் கேட்டாரு. மாட்டேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டு அங்கயே வேற கடைக்கு அனுப்ப ஆரம்பிச்சாரு. சிரிப்புக்காரர் என்னடான்னா, எங்க கூட சேர்ந்த மறு வருஷமே எறும்பைத் தன் பேர்ல அங்க பதிவு பண்ணி வெச்சிருக்காரு. ஆறு வருஷம் எங்ககிட்ட மூச்சு விடல. சிரிச்சுக்கிட்டே இருந்திருக்காரு.

அவரு ஜெயிச்சா ரெண்டு கன்டெய்னரையும் நொறுக்கிடுவாங்க. அதுகூடப் பரவாயில்ல, எறும்பு போட்ட ஒரு கட்டிகூட இனிமே அந்த நாட்டுக்குள்ள நுழைய முடியாது. எங்க சாக்குல மூணுல ரெண்டு பங்கு போறது அங்கதான். ஷெட்ல வேலை செய்யறது முப்பத்திரண்டு பேர். வீட்டுக்காரர் கட்டி அழுத்தற பிரஸ் மெஷின் முன்னாடி போயி உக்காந்துட்டாரு. அவருக்கும் சேர்த்து நானே கத்தினேன்.

அந்த நாட்டுலயே ஒரு வக்கீலம்மாவைப் பிடிச்சோம். அவங்க பேசறதை எங்க சின்ன மக கேட்டு எங்களுக்குச் சொல்லுவா. மொத நாளே அவங்க அந்த நாட்டுப் பதிவேட்டைக் கம்ப்யூட்டர்ல திறந்து, எறும்புன்னு தேடிக் காட்டினாங்க. அப்பப்பா! வரிசை வரிசையா எறும்பு. லாரிக்கு ஒரு எறும்பு, பசைக்கு ஒரு எறும்பு, பள்ளிக்கூடப் பைக்கு ஒண்ணு, பூட்டுக்கு ஒண்ணு. தொப்பி போட்டது, கண்ணாடி போட்டது, மூட்டை தூக்கினது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. உலகத்துல மனுஷன் விக்கற எல்லாத்தையும் நாப்பத்தஞ்சு வகுப்பா பிரிச்சு, எந்த வகுப்புல எந்தப் படம் யாரோடதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. ஒரு நாட்டுக்கு ஒரு ஏடு. இவ்வளவு பெரிய கணக்கு ஒண்ணு நம்ம தலைக்கு மேல ஓடிக்கிட்டிருக்கு, நமக்கு இத்தனை வருஷமா தெரியாம போச்சேன்னு வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தக் கூட்டத்துல எங்க எறும்பும் இருந்துது. அதே நூல், அதே தூக்கின தலை. உரிமையாளர்ங்கற இடத்துல சிரிப்புக்காரர் பேரு. பெத்த பிள்ளையை அடுத்த வீட்டு ரேஷன் கார்டுல பார்த்த மாதிரி இருந்துது.

சிரிப்புக்காரரோட வாதம் ரொம்ப எளிசு. எறும்பைக் கற்பனை பண்ணினது நான், என் ஆர்டருக்குத்தான் இவங்க சாக்கு செஞ்சு குடுத்தாங்க, அவ்வளவுதான்னு எழுதிக் குடுத்திருக்காரு. அவரு வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் வேற ஒரு கடை மூலமா வித்தோம். அந்தக் கடை மூடி, அந்த இடத்துல இப்ப பல் டாக்டர் இருக்காராம். அதனால வக்கீலம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: அந்த அஞ்சு வருஷத்துல எறும்பு இந்த நாட்டுல இருந்துதுன்னு தேதியோட ஒரு தாள். உள்ளூர்ப் பதிவு இருக்கான்னும் கேட்டாங்க. அதையும் போன வருஷம்தான் பண்ணினோம். எறும்பு எங்களோடதுன்னு ஊருக்கே தெரியுமே, எதுக்கு வெட்டியா பதிவுன்னு அதையும் தள்ளிப் போட்டவ யாரு? நான்தான்.

எல்லா வருஷத்து ஃபைலையும் தரையில கொட்டிப் புரட்டினோம். என் சட்டத்தை எல்லாரும் என்னமா மதிச்சிருக்காங்க! ஒரு தாள்ல, ஒரு ஓரத்துல, ஒரு எறும்பு கிடையாது. மொத சரக்கு நின்ன காகிதம் இருக்கான்னு துறைமுகத்துல கேட்டா, அவ்வளவு பழசு எதையும் வெக்கறதில்லன்னுட்டாங்க. வீட்டுக்காரர் என்னை ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். நான் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

வக்கீலம்மா அசரல. அந்த நாட்டு டெய்லர்கள் சங்கத்துக்கு எறும்பு படத்தை அனுப்பி, பழைய பெட்டி, பழைய கட்டி எதாவது இருக்கான்னு கேட்டு எழுதினாங்க. மூணு வாரம் ஒண்ணும் வரல. அப்புறம் ஒரு காலையில, நான் கட்டி எண்ணிப் பெட்டியில அடுக்கிக்கிட்டிருக்கப்ப, சின்னவ ஃபோனை நீட்டினா. படத்துல எங்க அட்டை.

பெட்டிக்குள்ள சாக்கு ஒண்ணோட ஒண்ணு உரசிப் பொடியாகாம இருக்க, ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஒரு கெட்டி அட்டை வெப்போம். முன்பக்கம் நீலத்துல எறும்பு. பின்பக்கம் வெறுமை. டெய்லருங்க அதைத் தூக்கிப் போடுவாங்கன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அவங்க தூக்கிப் போடல. கையடக்கமா, கெட்டியா, ஒரு பக்கம் காலியா இருக்கேன்னு, வாடிக்கையாளரோட அளவை அதுல எழுதி, துணியோட குத்தி வெச்சிருக்காங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஆள் திரும்ப வந்தா வேணுமேன்னு பெட்டியில போட்டு வெச்சிருக்காங்க. பேரு, அளவு, தேதி. ஒரு ஆள் பண்ணப் போயி, பக்கத்துக் கடை பார்த்து, அடுத்த தெரு பார்த்து, அந்த நாட்டுல பாதி டெய்லருக்கு அதுவே பழக்கமாயிடுச்சு.

அறுபத்தோரு கடையிலேருந்து நாலாயிரத்துச் சொச்சம் அட்டை வந்து சேர்ந்துது. வக்கீலம்மா மேஜையில பரப்பி வெச்சுப் படம் பிடிச்சு அனுப்பினாங்க.  நான் கால் வெக்காத நாடு. அங்க இருக்கறவங்களோட தோளு, மார்பு, இடுப்பு, கை நீளம், எல்லாம் எங்க எறும்போட முதுகுல ஏறி உக்காந்திருக்கு. ஒருத்தருக்குப் பத்து வருஷத்துல இடுப்பு ஏழு இஞ்சு ஏறியிருக்கு. ஒரு பையனோட அட்டை வருஷத்துக்கு ஒண்ணா நாலு இருக்கு, நாலுலயும் கால் நீளம் வேற. கல்யாண உடுப்புன்னு ஒண்ணுல எழுதி, அடிச்சு, தள்ளி வெச்சாச்சுன்னு எழுதியிருக்கு. நாங்க இங்க மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டிருந்தோம். அங்க ஒரு ஊரே எங்க அட்டையில தன்னை எழுதி வெச்சுக்கிட்டிருந்திருக்கு. ஷெட்ல இருந்த முப்பத்திரண்டு பேரும் ஃபோனைக் கை மாத்திக் கை மாத்திப் பார்த்தாங்க. 

விசாரணை அன்னிக்கு எங்களுக்குச் சாயங்காலம், அவங்களுக்குக் காலை. ஆஃபீஸ் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி நாங்க மூணு பேரு. நடுவுல உக்காந்து விசாரிச்சவங்க ஒரு பெண் அதிகாரி. திரையில அவங்க கட்டை விரல் அளவுதான் தெரிஞ்சாங்க. சிரிப்புக்காரரோட வக்கீல் எடுத்த எடுப்புலயே அட்டை எல்லாம் பொய்யின்னாரு. டெய்லருங்களுக்குக் காசு குடுத்து ஒரு வாரத்துல எழுதி வாங்கினதாம். பழைய தேதி யாரு வேணா போடலாமே. சொல்லிட்டு, தானே எழுந்து போயி அட்டை எல்லாம் இருந்த பெட்டிக்குள்ள கையை விட்டு ஒண்ணை உருவினாரு. ஒம்பது வருஷம் முந்தின தேதி, சிரிப்புக்காரர் எங்ககிட்ட வர்றதுக்கும் முன்னாடி. இந்த ஆளைக் கூப்பிடுங்க, பார்க்கலாம்னாரு.

சாட்சி சொல்ல வந்த டெய்லருங்க கூட்டத்துல அந்த அட்டையை எழுதினவரும் உக்காந்திருந்தாரு. பேரைப் பார்த்துட்டு, இவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சேன்னாரு. வக்கீல் பக்கத்துல இருந்த சிரிப்புக்காரர்கிட்டேருந்து அந்தப் பழைய சிரிப்பு கேட்டுது.  டெய்லர் அதோட நிறுத்தாம, அவரு சம்சாரம் இருக்காங்க, நான் தெச்ச கோட்டும் அவங்ககிட்ட இருக்கும்னாரு. அதிகாரி ஒரு வாரம் தள்ளி வெச்சாங்க.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தாங்க. சாம்பல் நிறக் கோட்டை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தாங்க. யாரு பெத்த மகளோ, எங்களை அவங்களுக்குத் தெரியாது, சாக்குக்கட்டிக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இருந்தும் ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. கோட்டோட உள்பாக்கெட்டுல டெய்லர் தெச்ச துணிச்சீட்டு இருந்துது. கடை பேரு, அவரு பேரு, தேதி. அட்டையில இருந்த தேதிக்கு மூணு வாரம் பிந்தி.

அதுவும் போதாதுன்னாரு எதிர் வக்கீல். கோட்டைப் பார்த்தே அட்டையை எழுதியிருக்கலாமாம். அந்த அம்மாவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துது. இந்தக் கோட்டு அவரு போனதுலேருந்து என் அலமாரியை விட்டு வெளிய வரல, இந்த டெய்லர் என் வீட்டு வாசப்படி மிதிச்சதில்லன்னாங்க. அதிகாரி உடனே, யாரும் கை வெக்க வேண்டாம், நானே அளக்கறேன்னு டேப்பை வாங்கிக்கிட்டு எழுந்து வந்தாங்க. அந்த அட்டையில அவரோட உடம்பு அளவும் இருந்துது, கோட்டு என்ன அளவுல வரணும்னும் எழுதியிருந்துது. அதை வக்கீலம்மா கையில வெச்சுக்கிட்டு நின்னாங்க. எங்க கையில அதோட படம்.

நீளம் முப்பதுன்னாங்க அதிகாரி. எங்க படத்துலயும் முப்பது. முதுகு பதினெட்டு. பதினெட்டு. வலது கை இருபத்தஞ்சு. அதுவும் சரி. சின்னவ ஒவ்வொண்ணையும் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு. இடது கையை அளந்துட்டு அதிகாரி நிறுத்தினாங்க. திரும்ப ஒரு தடவை அளந்தாங்க. இருபத்திநாலரை. அட்டையிலயும் இருபத்திநாலரைதான்.

அந்த அம்மா மெதுவா சொன்னாங்க: "சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து, அந்தக் கை அரை இஞ்சு கட்டையா போச்சு. அவரு யாருகிட்டயும் காட்டிக்க மாட்டாரு. எனக்குத் தெரியும், டெய்லருக்குத் தெரியும்."

  ஊரு பேரு தெரியாத ஒரு மனுஷன், செத்துப் போனவரு, தன் கட்டைக் கையைக் குடுத்து எங்க எறும்பைத் தூக்கி விட்டுட்டுப் போயிருக்காரு. 

தீர்ப்பு முப்பது நாள்ல வரும்னு சொல்லி அதிகாரி எழுந்தாங்க. அப்பதான் அந்த அம்மா வக்கீலம்மாகிட்ட வந்து எதையோ கேட்டாங்க. சின்னவ கேட்டுட்டு எங்க பக்கம் திரும்பினா. "அந்த அட்டையைத் தருவீங்களான்னு கேக்கறாங்கம்மா. அவரோட ஃபோட்டோ எல்லாம் இருக்காம். ஆனா அவரோட உடம்பு அளவு வேற எதுலயும் இல்லையாம்."

டெய்லர் தனக்கு ஆட்சேபணை இல்லன்னுட்டாரு. வக்கீலம்மாதான் தயங்கினாங்க. நம்மகிட்ட இருக்கற ஆதாரத்துலயே பலமானது இதுதான், தீர்ப்புக்கு முன்னாடி அசல் ஃபைல்ல இல்லன்னா எதிராளி அதைப் பிடிச்சுத் தொங்குவான், நகல் வேணா குடுக்கலாம், முடிவு உங்களோடதுன்னாங்க. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தாரு. ஜன்னல் வழியா ஷெட் தெரிஞ்சுது. முப்பத்திரண்டு பேரும் வேலையை விட்டுட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு நின்னாங்க.  குடுக்காதேன்னு புத்தி சொல்லுது. அந்த அம்மா அங்க கையை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க.

"குடுத்துடச் சொல்லு"ன்னேன். அதிகாரி கண்ணு முன்னாலயே வக்கீலம்மா அட்டையை அந்த அம்மா கையில குடுத்தாங்க. எதிர் வக்கீல் எதையோ வேகமா எழுதிக்கிட்டாரு.

அந்த முப்பது நாள் எனக்குச் சோறு இறங்கல. பெரிய தர்மப் பிரபுன்னு நெனப்பான்னு என்னை நானே திட்டிக்கிட்டேன். எதிர்பார்த்த மாதிரியே, அசல் ஃபைல்ல இல்லாத அட்டையைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னு சிரிப்புக்காரர் எழுதிப் போட்டாரு.

இருபத்தெட்டாவது நாள் தீர்ப்பு வந்துது. பதினாலு பக்கம். சிரிப்புக்காரரோட பதிவு ரத்து, சரக்கை விடலாம், எறும்பை எங்க பேர்ல பதியக் கேட்டு நாங்க போட்ட விண்ணப்பத்தை எடுத்துக்கலாம்னு கடைசிப் பக்கத்துல இருந்துது. வீட்டுக்காரர் அப்படியே நாற்காலியில சரிஞ்சு உக்காந்துட்டாரு. சின்னவ மட்டும் ஃபோன்ல பதினோராம் பக்கத்தை விட்டு நகரல. என்னடின்னு கேட்டேன். அவ தமிழ்ல சொன்னா:

"அந்த அட்டை இந்தக் கோப்பில் இல்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்; கோட்டை என் கையால் அளந்தேன். வழக்கில் ஜெயிப்பதற்காக ஒரு அட்டையைச் செய்தவர்கள், தீர்ப்பு வருவதற்கு முன்பே அதை ஒரு விதவையிடம் கொடுத்து அனுப்பியிருக்க மாட்டார்கள்."

திரும்பப் படின்னேன். படிச்சா.  வீட்டுக்காரர் ஃபோனை வாங்கி, அதிகாரி கையெழுத்தைப் பெரிசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தாரு. எங்களைப் பார்க்காமலே எங்களைப் புரிஞ்சுக்கிட்ட மனுஷி. அவங்க முகம் எப்படி இருக்கும்னுகூட எங்களுக்குச் சரியா தெரியாது.