வத்தல்மலைக் கூட்டரசின் மீது போர்

1988-ஆம் ஆண்டு தை மாதத்தில் நான் ஒரு நாட்டின் மீது போர் தொடுத்தேன். ஆயுதம், ஒரு தபால் கார்டு. அப்போது நான் பெண்ணையாற்று மக்கள் குடியரசின் அதிபர். மற்ற நேரங்களில் அரூரில் ஒரு விதைக்கடையில் சிப்பந்தி. குடியரசில் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நாற்பது லட்சம் பேர் இருந்தார்கள். வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் கட்டுப்பட்டதில்லை.

இந்த விளையாட்டுக்கு உலகப் பேரவை என்று பெயர். தொடங்கியவர் ராஜப்பன். ஓர் அலுவலகத்தில் பழைய காகிதக் கட்டுகளுக்குக் காவல் இருந்தவர். வெளிநாடுகளில் ஆளுக்கொரு நாட்டை வைத்துக்கொண்டு கடிதத்திலேயே ஆட்சி நடத்தி, கடிதத்திலேயே சண்டை போடுகிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சைக்ளோஸ்டைல் செய்த முப்பத்திரண்டு பக்க அரசியல் சட்டம் ஒன்று வந்தது. எங்கள் வட்டாரத்திலேயே ஏழு பேர் ஏழு நாடுகளுக்கு அதிபர் ஆனோம். ராஜப்பன் எந்த நாட்டுக்கும் அதிபர் இல்லை. அவர் பேரவையின் பொதுச் செயலாளர். உலகத்தைவிடச் சிறிய எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை.

மாதம் பிறந்ததும் ஒவ்வொரு அதிபரும் அவருக்குக் கார்டு போட வேண்டும்: எத்தனை டாங்கி செய்கிறோம், எவ்வளவு நிலத்தில் கேழ்வரகு போடுகிறோம், யார் எல்லையில் படையை நிறுத்துகிறோம். அவர் தாயக்கட்டையை உருட்டி யாருக்கு வெற்றி, யாருக்குப் பஞ்சம் என்று தீர்ப்பு எழுதுவார். போர் அறிவிப்பையும் சமாதான உடன்படிக்கையையும் மட்டும் நாடுகளே ஒன்றுக்கொன்று நேராக அனுப்பிக்கொள்ளலாம். நேரில் சந்திக்கும்போது அரசாங்க விஷயம் பேசுவது சட்டப்படி குற்றம். பாப்பாரப்பட்டிப் பள்ளி ஆசிரியர் இன்னாசி சர்வாதிகாரி. வீட்டில் அவர் வாய் திறக்க அனுமதியில்லை என்பதால் நாட்டில் வேறு யாருக்கும் அனுமதியில்லை. அரூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் தஸ்தகீர் பாய் நடுநிலை நாடு. வத்தல்மலைக் கூட்டரசு மாதப்பனுடையது. அவர் அரூரில் ஒரு சங்கத்தில் எழுத்தர். நாலு கிலோமீட்டர் தள்ளி ஊரில் தாயாரோடு குடியிருந்தார். நானும் அவரும் ஒரே கடையில் ஒரே பெஞ்சில் டீ குடிப்போம், மழை வருமா என்று பேசுவோம். பிறகு அவரவர் இடத்துக்குப் போய் ஒருவரையொருவர் கார்டில் மிரட்டிக்கொள்வோம்.

போர் அறிவிப்புகள் சாதாரணக் கார்டுகளோடு கலந்து, மதிப்பில்லாமல் போகின்றன என்று ராஜப்பனுக்கு ஒரு வருத்தம் இருந்தது. பதினான்காவது திருத்தம் கொண்டுவந்தார். சமாதானக் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். போர்க் கார்டின் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவ வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தஸ்தகீர் பாய் ஒருவர்தான். எங்க வூட்டுல இந்தப் பழக்கம் கெடயாது, ஆனா உங்க வூட்டுப் பொம்பளைங்க சாவுக் கார்டுன்னு பதறிப் போவாங்க என்று ஒரு வரி எழுதியிருந்தார். உணர்ச்சிக்கு இடம் கொடுத்தால் உலகை ஆள முடியாது என்று ராஜப்பன் பதில் எழுதினார். திருத்தத்தை வழிமொழிந்தவன் நான்.

அந்தத் தை மாதம் மாதப்பன் எனக்கு எழுதிய கார்டில் என் குடியரசின் கொடியைத் தலைகீழாக வரைந்துவிட்டார். மேலே பச்சை, கீழே சிவப்பு என்று இருக்க வேண்டியது. நாற்பது லட்சம் மக்களின் மானம். மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள், எங்கள் படைகள் உங்கள் வடக்கு எல்லையைக் கடந்துவிட்டன என்று எழுதி, மூலைக்கு மூலை இந்தியன் இங்க் தடவி, காயும்வரை ஊதி, பெட்டியில் போட்டேன். விளையாட்டுக் கார்டுகள் அலுவலகத்துக்கு வரக்கூடாது என்று மாதப்பனின் மேலாளர் சத்தம் போட்டிருந்ததால் வீட்டு முகவரி எழுதினேன்.

மாதப்பனின் தம்பி முனியப்பன் பட்டாளத்தில் இருந்தான். அந்த வருஷம் அவனுடைய படைப்பிரிவு இலங்கையில் இருந்தது. இது எனக்குத் தெரியும். டீக்கடையில் வாரம் ஒருமுறை, தம்பி கடுதாசி வந்துதுங்களா என்று நானே விசாரித்திருக்கிறேன். மூலையில் மை தடவியபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. நான் அதிபராக இருந்தேன்.

வழக்கமான தபால்காரர் அன்று விடுப்பு. அவருக்குப் பதிலாக வந்தவர் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர்கள் செய்வதைச் செய்தார்: கார்டை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வாங்கியவர் மாதப்பனின் தாயார் ராமக்காள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபாலில் அவருக்குத் தெரிந்த எழுத்து இரண்டு, மஞ்சளும் கறுப்பும். சாவுக் கார்டைப் படித்தவுடன் கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்குப் பார்ப்பதுதானே படிப்பது. அங்கேயே நின்று துண்டு துண்டாகக் கிழித்து, வாசலுக்கு எதிரே ஓடிய வாய்க்காலில் விட்டார். அதன் பிறகுதான் அழுதார் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

மாலையில் மாதப்பன் போனபோது வீட்டின் முன் ஊரே கூடியிருந்தது. கார்டு எங்கே என்று கேட்டால் வாய்க்காலைக் காட்டினார்கள். அது எந்தக் கார்டு, யார் எழுதியது, யார் செத்தது, எதற்கும் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. மாதப்பன் இருட்டுவதற்குள் சைக்கிளை மிதித்து என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், கறுப்பு தடவி எனக்குக் கார்டு போட்டீங்களா?"

"போட்டேங்க."

"எப்ப?"

"முந்தாநேத்து."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஒருவனுக்குச் செய்த கெடுதலுக்காக அவன் எனக்கு அப்படி நன்றி சொன்னது அந்த ஒருமுறைதான். தம்பி உயிரோடு இருக்கிறான். போய்ச் சொன்னால் போதும். அப்படித்தான் இருவரும் நினைத்தோம்.

மறுநாள் காலை நானே போனேன். சாட்சிக்கு முப்பத்திரண்டு பக்கச் சட்டத்தையும், ஏழு நாடுகளின் வரைபடத்தையும், பழைய கார்டுகளையும் எடுத்துக்கொண்டேன். ராமக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் விரித்துவைத்து விளக்கினேன். இது என் நாடு, இது உங்க மகன் நாடு, கொடியைத் தலைகீழாப் போட்டுட்டார், அதனால நான் சண்டை போட்டேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நன்றாக இல்லை. அவர் முழுவதும் கேட்டார். பிறகு என்ன படிச்சிருக்கீங்க என்றார். பி.யூ.சி. என்றேன். பிள்ளைகள் எத்தனை என்றார். ரெண்டு என்றேன்.

"ரெண்டு புள்ளைங்களப் பெத்த மனுசன், படிச்சவரு, சாவுக் கார்டு கணக்கா கறுப்பத் தடவி வெளையாட்டுக்கு அனுப்புவீங்களா சார்? ஆத்தாவத் தேத்தணும்னு எம்மவன் சொல்லி அனுப்பிச்சிருக்கான். உங்களுக்கு நல்ல மனசு. காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டு வந்தேன்.

மாதப்பன் விடவில்லை. பட்டாளத்தில் யாராவது செத்தால் தந்திதான் வரும், கார்டு வராது என்றார். தந்தி முன்னாடியே வந்திருக்கும், நீ மறச்சிருப்ப என்றார் தாய். வழக்கமான தபால்காரரைக் கூட்டிவந்து சொல்லவைத்தார். அவரும் நல்ல மனசுக்காரர் பட்டியலில் சேர்ந்தார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் மாதப்பனை நம்பினார்கள். மீதிப்பேர், ஏழு ஆம்பளைங்க சேர்ந்து இப்படியொரு விளையாட்டு விளையாடுவார்கள் என்பதை நம்பும் அளவுக்கு முட்டாள்களாக இல்லை.

ராஜப்பனுக்கு நான் நடந்ததை எழுதினேன். பேரவையின் அவசரக் கூட்டம் தபால் மூலம் கூட்டப்பட்டது. தீர்மானம் ஒன்றரைப் பக்கம். அறிவிப்பு உரியவரால் வாசிக்கப்படுவதற்கு முன் அழிக்கப்பட்டுவிட்டபடியால் பெண்ணையாறு வத்தல்மலை மீது தொடுத்த போர் சட்டப்படி செல்லாது; இரு படைகளும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த அம்மாளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அவர் எந்த நாட்டின் பிரதிநிதியும் இல்லை.

மாசி மாதக் கடைசியில் முனியப்பனின் கடிதம் வந்தது. மாதப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு ஓடினார். சத்தமாகப் படித்தார். அன்புள்ள தாயார் அவர்களுக்கு மகன் முனியப்பன் எழுதிக்கொண்டது, நான் இங்கே நலம், தாங்கள் நலமா. ராமக்காள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எம்புள்ள என்ன ஆத்தான்னுதாண்டா கூப்புடுவான். தாயார் அவர்களேன்னா யாருடா அது?" என்றார்.

எழுத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் குறுக்கிட்டேன். நல்லா எழுதியிருக்கீங்க சார் என்றார். கடிதத்தை நான் எழுதியதாக முடிவு செய்துவிட்டார்.

மாதப்பன் அன்றே தம்பிக்கு எழுதினார். லீவு கேள், கிடைக்காவிட்டால் ஆத்தா என்று ஆரம்பித்து, பேசுகிற மாதிரியே எழுது. ஏன் என்று மட்டும் எழுதவில்லை. சண்டை நடக்கிற இடத்தில் இருக்கிறவனிடம், உன்னைச் செத்துப்போனவன் என்று வீட்டில் நினைக்கிறார்கள் என எப்படி எழுதுவது? லீவு கிடைக்கவில்லை. பங்குனி நடுவில் கடிதம் வந்தது. ஆத்தா, நான் நல்லா இருக்கேன், நீ வேளைக்குச் சோறு துன்னு. எழுத்துக்கு எழுத்து அவன் குரல். மாதப்பன் படித்து முடித்ததும் தாயாரின் முகத்தைப் பார்த்தார். ராமக்காள் அவர் கையைத் தடவிக்கொடுத்தார்.

"நான் சொன்னத வச்சுத் திருத்திட்டியா சாமி. போதும் உடு."

அதற்குமேல் காட்ட எங்களிடம் சாட்சி இல்லை.

பட்டாளத்தில் செத்தவனின் பெட்டி வீட்டுக்கு வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். உடம்பை அங்கேயே எரித்திருப்பார்கள், பெட்டியாவது கைக்கு வரட்டும் என்று ராமக்காள் தினமும் அரூருக்கு நடந்து வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார ஆரம்பித்தார். சேலம் பஸ் ஒவ்வொன்றாக வரும். எழுந்து போய் மேலே ஏற்றியிருக்கும் சாமான்களைப் பார்ப்பார். கண்டக்டரிடம் கேட்பார். திரும்பி வந்து உட்காருவார். தஸ்தகீர் பாய் கடையிலிருந்து ஒரு ஸ்டூலும் சொம்பில் தண்ணீரும் போகும். நான் அந்த வழியாகப் போகும்போது பாய் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்துகொள்வார். அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் அந்த வசதியைத் தரவில்லை.

சித்திரை வெயிலில் நாலு கிலோமீட்டர் வருவதும் நாலு கிலோமீட்டர் போவதுமாக இருந்த உடம்பு, மூன்றாவது வாரம் படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் மாதப்பனை அடையாளம் தெரியவில்லை. அதற்கு முன் தெளிவாக இருந்தபோது, பெட்டி வந்தா அதுல இருக்கற துணியத் தொவைக்காம எங்கூடப் போட்டுடு என்று சொல்லியிருந்தார். பெட்டி வராமலேயே அடக்கம் செய்தோம்.

தந்தி கிடைத்து முனியப்பன் ஐந்தாம் நாள் வந்தான். நான் அப்போது அங்கே இருந்தேன். கறுத்து மெலிந்திருந்தான். வாசலில் நின்றவனைப் பார்த்து இரண்டு கிழவிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எதற்குக் கும்பிடுகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. மாதப்பன் அவனை உள்ளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னார். என்னையும் காட்டினார். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்காகவே அங்கிருந்து நகராமல் இருந்தேன். அவன் கேட்டது வேறு.

"ஏன் சார், கடசீலயாவது ஆத்தா நம்புச்சா? நான் இருக்கறேன்னு?"

மாதப்பன் தரையைப் பார்த்தார். மூன்று வருஷம் அதிபராக இருந்து, தோற்ற போர்களையெல்லாம் வெற்றி என்று அறிக்கை விட்டவன் நான். எனக்கு வார்த்தை தானாக வந்தது.

"நம்பிட்டாங்க," என்றேன்.

"எப்ப?"

"பங்குனியில, ஆத்தான்னு எழுதுனீங்களே, அந்தக் கடுதாசி வந்தப்ப. கேட்டவுடனே நம்பிட்டாங்க."

தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னான்.

"அப்ப, அதுக்கு முன்ன எழுதுனதுலயே அப்படி எழுதியிருக்கணும். பதினஞ்சு நாளாவது தவிச்சிருக்காது. தப்பு எம்மேலதான்."

இல்லை என்று சொல்ல வேண்டுமானால் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். மாதப்பன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவன் எழுந்து, தாயார் படுத்திருந்த பாயைச் சுருட்டி வெளியே எடுத்துப் போனான்.