அத்தானின் காரில் ஏற மாட்டேன்

எனக்கு வாய் நீளம் என்று இந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மாமியார் வீடு திரும்பியிருக்க மாட்டார்.

என் கணவரின் அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாங்கிய கார் ஒரு காலத்தில் பணக்காரர்கள் ஓட்டியது. தோல் சீட்டு, மர டாஷ்போர்டு எல்லாம் உண்டு. இருந்து என்ன? இருபது வருடப் பழசு. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். மிதி பாதிக்கு மேல் உள்ளே போன பிறகுதான் வண்டிக்கு உறைக்கும். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று சிவப்பு விளக்கு வேறு எரிந்தது. மனுஷன் கட்டையையா மாற்றினார்? அந்த விளக்குக்காகச் சக்கரத்துப் பக்கம் போகும் ஜோடி ஒயரை வெட்டி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினார். விளக்கு அணைந்தது. ரிப்பேர் முடிந்தது என்று சாப்பாட்டு மேசையில் ஒரே பீற்றல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் காரில்தான் அத்தையைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகக் கிளம்பினார். எங்கள் வீடு மேட்டின் உச்சியில், ஆஸ்பத்திரி அடிவாரத்தில். வழி முழுக்க இறக்கமும் வளைவும். அத்தை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. நான் போய்க் காரை மறித்து நின்றேன். டாக்ஸியில் போகலாம் என்றேன். சொந்தக் காரை வைத்துக்கொண்டு டாக்ஸியா, நாலு பேர் சிரிப்பார்கள் என்றார் அத்தான். என் கணவர் வழக்கம்போல் செருப்பைத் தேட உள்ளே போய்விட்டார். அத்தையோ கண்ணாடியை இறக்கி, போகும்போதே மறிக்கிறாயே என்று என்னைத்தான் திட்டினார்.

"அத்தைய இறக்கி விட்டுட்டு ஒண்ணு பண்ணுங்க அத்தான். தெருக்கோடியிலருந்து மூடுன நம்ம கேட்டுக்கு நேரா வேகமா வந்து, கிட்ட வந்ததும் பிரேக் போடுங்க. நின்னா, நானும் என் பிள்ளையும்கூட ஏறுறோம்."

அத்தான் இரும்பு கேட்டைப் பார்த்தார். புதிதாக பாலிஷ் போட்ட பானட்டைத் தடவினார்.

"விளையாடுறியா? இடிச்சா வண்டி முன்பக்கம் என்னத்துக்கு ஆகும்?"

பின்கதவு திறந்தது. அத்தை இறங்கினார்.

"கேட்டுல இடிக்கக் கூடாது, நான் உள்ள இருந்தா இடிக்கலாமாடா?"

நான் அத்தான் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு டாக்ஸிக்குப் போன் போட்டேன். பிரேக்கைச் சரிசெய்கிறவரை அந்தச் சாவியைத் தரமாட்டேன். யார் வந்து கேட்டாலும் சரி.