ஜன்னல் பக்கத்துக் கை

எனக்கும் என் தம்பிக்கும் சொத்துத் தகராறு கிடையாது, சென்சார் தகராறுதான். இருவருக்கும் சர்க்கரை. அதன் அளவைப் போனில் காட்டும் சென்சார் வில்லை ஒன்றை ஆளுக்கொன்றாக மேற்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அவனுடையது ஒரு கம்பெனி, என்னுடையது வேறு. என்னுடையதுதான் உசத்தி என்று தொண்டை வறளச் சொல்லியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவன் பஸ் டிரைவர். ஓட்டும்போதெல்லாம், சர்க்கரை இறங்கிவிட்டதென்று அவன் போன் அலற ஆரம்பித்தது. மயங்கி விழுந்தால் பின்னால் இருப்பவர்கள் கதி? காரணம் தெரியும்வரை பயணிகளை ஏற்றக் கூடாது, தெரியாவிட்டால் டிரைவர் வேலையே கிடையாது என்று டிப்போ மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாதவன் தம்பி.

"உன் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு என்னோடதை ஒட்டுடா," என்றேன்.

கடைசியில் இரண்டையும் அவனுக்கே ஒட்டினோம். ஜன்னல் பக்கத்துக் கையில் அவனுடையது, மறு கையில் என்னுடையது. மேனேஜரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு காலி பஸ்ஸை டிப்போவுக்குள்ளேயே ஊர வைத்தான். அவனுடையது அறுபது என்று அலறியது. என்னுடையது நூற்றுப் பத்து என்றது. நிறுத்தி விரலில் குத்திப் பார்த்தால் நூற்றுப் பதினைந்து. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கை மாத்தி ஒட்டிப் பாத்தாதான் ஒத்துக்குவேன்," என்றான் தம்பி. பிடிவாதத்தில் என் கூடப்பிறந்தவன் அல்லவா.

புது வில்லைகளைக் கை மாற்றி ஒட்டி மறுபடி சுற்றினோம். இந்த முறை ஜன்னல் பக்கத்தில் இருந்த என்னுடையது அலறியது. அவனுடையது வாயே திறக்கவில்லை. மேனேஜர் எதிரில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கோபத்தில் தம்பியை முறைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். மகாராஜா மாதிரி அந்தக் கையை ஜன்னல் சட்டத்தில் அழுத்திச் சாய்ந்திருந்தான். வில்லை நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல கையை எடுடா."

எடுத்தான். சற்று நேரத்தில் எண் தானாக ஏறியது. விரலில் குத்தினோம்; வில்லையின் எண்ணும் ரத்தத்தின் எண்ணும் ஒத்துப்போயின. சர்க்கரை இறங்கவே இல்லை. அழுத்தம் பட்டால் இரண்டு கம்பெனி வில்லையுமே பொய் சொல்லியிருக்கிறது.

டாக்டரும் அதையே சொன்னார். மேனேஜர், "இனிமே அந்தக் கையில ஒட்டாதே. நாளைக்குக் காலையில வண்டிய எடு," என்றார்.

மறுநாள் பஸ் நிறைய ஆட்கள். அவனுக்குப் பின் சீட்டில் நான். வழியெல்லாம் போன் மூச்சுவிடவில்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி நிறுத்தத்தில் தம்பி திரும்பினான். "அப்போ யாரோடது உசத்திக்கா?"

"ரெண்டும் உசத்திதான். நீ உக்கார்ற லட்சணம்தான் மட்டம்," என்றேன்.