கிளன்பாரா வீட்டின் கூரை

மாலக்கி என் கூடப் பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கிளன்பாரா வீட்டில் பதினாறு வயதில் சமையலுக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரி மிஸ் லவீனியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்த ஒரே அண்ணனும் போரில் போய்விட்டார். மிஸ்ஸின் சர்ச் வேறு, எங்கள் சர்ச் வேறு. ஞாயிற்றுக்கிழமை எதிரெதிர்த் திசையில் நடப்போம். மற்ற நாளெல்லாம் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்தோம்.

வீடு அவருடைய முப்பாட்டன் கட்டியது. ஜார்ஜ் ராஜாக்கள் காலத்து வீடாக்கும் என்று பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பவிசெல்லாம் முன்பக்கத்தோடு சரி. செதுக்கிய கல், வரிசையாக உயரமான ஜன்னல்கள், நடுவில் வாசல், அதன் மேல் விரித்த விசிறி மாதிரிக் கண்ணாடி. மாடியில் ஒரு ஜன்னல் பொய் ஜன்னல். இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டுமே என்று வெறும் சுவரில் கண்ணாடி போலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின்பக்கம் போனால் முப்பாட்டன் கை வறண்ட கதை தெரிந்துவிடும்: கரடுமுரடான கல், கோணல்மாணலாக ஜன்னல்.

"முன்னால துரை, பின்னால மாட்டுக்கொட்டாய்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"மெதுவா பேசு டெலியா, வீட்டுக்குக் காது கேக்கும்" என்பார் மிஸ்.

கூடத்தின் உட்கூரையில்தான் அவர் உயிர் இருந்தது. டப்ளினிலிருந்து வந்த கொத்தன் ஒருவன் குளிர்காலம் முழுக்கத் தங்கி, வெள்ளைச் சாந்தில் பறவைகளாகச் செய்துவைத்திருந்தான். மிஸ்ஸுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகும் அண்ணாந்து பார்ப்பார். "ஒண்ணும் தெரியலடி, எல்லாம் மேகமா இருக்கு" என்பார்.

வரி கட்டிக் கட்டி மாளவில்லை. விற்பது என்று முடிவானது. மர வியாபாரி ஒருவன் நல்ல விலை சொன்னான். வீட்டை இடித்துவிடுவான் என்று மிஸ் மறுத்துவிட்டார். அப்போது மாலக்கி வந்தான். நிலம்தான் வேண்டுமாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூடத்தில் நின்று, "எங்கம்மா கல்லறை மேல சத்தியம் மிஸ். நீங்க இருக்கிற வரைக்கும் இது உங்க வீடுதான். கூரை ஓடு ஒண்ணைக்கூடத் தொட மாட்டேன்" என்றான்.

மிஸ், "வக்கீலை வச்சு இதையும் பத்திரத்துல எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "என் தம்பி வார்த்தை போதாதா மிஸ்? நான் இருக்கேன்ல?" என்றேன். அவர் எழுதச் சொல்லவில்லை. வீடும் நிலமும் மாலக்கி பேருக்கு மாறின.

இலை உதிர்கிற சமயம் மாலக்கி என்னிடம் வந்தான். "அக்கா, அவங்க கண்ணைக் காட்ட டப்ளின் கூட்டிட்டுப் போயேன். கார் நான் ஏற்பாடு பண்றேன்." தம்பிக்கு என்ன மனசு என்று பூரித்துப்போனேன், மடச்சி! மிஸ்ஸை நச்சரித்துக் கிளப்பினேன். ஆபரேஷன் நன்றாக நடந்தது, சில வாரம் அங்கேயே தங்கினோம். திரும்பி வரும் வழியெல்லாம் வேலியில் இருந்த பழத்தைக்கூட விரல் நீட்டிக் காட்டிச் சிறுபிள்ளை போலச் சிரித்தார். "முதல்ல கூடத்துக்குத்தான் போவேன், டெலியா. டீ அப்புறம்" என்றார்.

வளைவு திரும்பியதும் முன்பக்கம் தெரிந்தது. ஜன்னல்களுக்குள்ளே வானம் தெரிந்தது. கூரை இல்லை. கல் ஓடெல்லாம் போய்விட்டது, உத்திரங்கள் போய்விட்டன. வாசலில் இறங்கிப் பார்த்தால், கூடத்துக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. சாந்துப் பறவைகள் தரையில் கூழாகக் கிடந்தன.

மாலக்கி வண்டியில் ஓடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி! என்னடா பண்ணிவச்சிருக்க?"

"கத்தாதக்கா. கூரை இருந்தாத்தான் வீடுன்னு வரி போடறான். எடுத்துட்டா வெறும் சுவரு, வரி கிடையாது. ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

"சத்தியம் பண்ணியேடா!"

"மிஸ்ஸை நடுத்தெருவுலயா விட்டேன்? என் புது வீட்ல ஒரு ரூம் தர்றேன். உனக்குந்தான். நீ அவங்களை டப்ளின் கூட்டிட்டுப் போனதாலதான் வேலை சுளுவா முடிஞ்சுது."

மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். புதுக் கண்ணால் என்னைப் பார்த்தார். என் முகத்தை அவர் தெளிவாகப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எழுத வேணாம்னு நீதானே சொன்ன, டெலியா?"

"மிஸ், எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாது."

"சத்தியமா" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். "விடு, நானே தூக்கிக்கறேன்."

அவர் சர்ச் பாதிரியார் வீட்டுப் பக்கம் மழையில் தனியாக நடந்து போனார். "மிஸ்! மிஸ்!" என்று கத்தினேன். திரும்பவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.