இரண்டு அதட்டு

அந்த வீட்டில் பாப்பாவிடம் எல்லோரும் ஓயாமல் சொன்னது 'வாயை மூடு' என்பதைத்தான். அவள் வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். ஏழு வயதாகியும் கேட்டால்தான் பேசுவாள். மூக்கால் மூச்சு விட வராது, அதனால் எந்நேரமும் வாய் திறந்திருக்கும். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வரும், எச்சில் விழுங்கவே அழுவாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், படம் எடுத்தும் பார்த்தார். "டான்சில் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. மூக்குக்குப் பின்னாடியும் சதை அடைச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், இழுத்தடிக்காதீங்க" என்றார். அம்மா உடனே சரி என்றாள். அப்பா மட்டும், "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றான். பெற்றவன் பேசுகிற பேச்சா இது!

அக்கா சும்மா விடுவாளா? "கத்தி வெச்சா குரலே போயிடும். வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கறது கெட்ட பழக்கம். ரெண்டு அதட்டு அதட்டினா தானா நிக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அவள் அண்ணி முறை. அண்ணி எந்தக் காலேஜில் டாக்டருக்குப் படித்தாள் என்று கேட்க அம்மாவுக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அண்ணி வரும்போதெல்லாம், "ஈ பூந்துடும்டி, மூடு வாயை" என்று பாப்பாவை அதட்டினாள். அப்பாவும் கூடச் சேர்ந்து அதட்டினான்.

அதட்டலுக்குப் பலன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள். பாப்பாவை எழுப்பப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாவாடை இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக் பாப்பாவின் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது. அவிழ்த்தால், தாடையின் அடியில் சிவப்பாக ஒரு கோடு.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"வாய் தானா தொறந்துக்குதும்மா. இன்னிக்கு அத்தை வருவாங்கல்ல."

"மூச்சு முட்டலையா?"

"முட்டுச்சு. அப்பப்ப ஓரத்துல கொஞ்சம் இழுத்து விட்டுக்கிட்டேன்."

 அம்மா பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது அழுகை இருந்த இடத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தாள்: "சப்புச் சப்புன்னு என்னடி சத்தம்? வாயை மூடிச் சாப்பிடு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அண்ணி, மூக்கைப் பிடிச்சுக்குங்க."

"என்னது?"

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் தொறக்காம, ஒரு வாய் சாப்பாட்டை மென்னு முழுங்கிக் காட்டுங்க. கெட்ட பழக்கம்தானே, உங்களுக்குத்தான் கிடையாதே!"

"இதென்ன பெரிய வித்தையா?" என்று சிரித்தபடி அண்ணி ஒரு கவளத்தை வாயில் போட்டு மூக்கைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திணறி, கடைசியில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள். சாப்பாடு மடியில் விழுந்தது.

 பாப்பா கேலி செய்யவில்லை, அவளுக்கு அது தெரியவும் தெரியாது. உண்மையான அக்கறையோடு அத்தையின் பக்கம் சாய்ந்தாள்.

"அத்தை, என்கிட்ட எலாஸ்டிக் இருக்கு. எடுத்துட்டு வரவா? கட்டிக்கிட்டா தொறக்காது."

"எலாஸ்டிக்கா?" என்றான் அப்பா.

அம்மா பாப்பாவின் மோவாயைப் பிடித்துத் தூக்கி அந்தச் சிவப்புக் கோட்டை அவனுக்குக் காட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்கு ஃபோன் போட்டுத் தேதி கேளு" என்றான் மெதுவாக.

"டாக்டர்கிட்ட நான் அன்னிக்கே சரின்னு சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "இப்ப நீங்க வாயைத் தொறங்க."